தனியாகக் கடல் கடப்பவரைத் திரைப்படங்கள் எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன?

கேள்வி: நூலகத் திரையிடல், களியக்காவிளை

எங்கள் நூலகத்தில் மாதம் ஒரு படம் திரையிட்டு, முடிந்தபின் அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, பூவார் வரையிலிருந்தும், இந்தப் பக்கம் கொல்லங்கோடு, நீரோடி, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சென்ற மாதம் 2013ஆம் ஆண்டு வெளியான ‘ஆல் இஸ் லாஸ்ட்’ என்ற ஆங்கிலப் படத்தைத் திரையிட்டோம். ஜே.சி. சாண்டர் இயக்கியது, ராபர்ட் ரெட்ஃபோர்ட் ஒருவர் மட்டுமே நடித்தது. இந்தியப் பெருங்கடலில் தனியாகப் பாய்மரப் படகில் செல்லும் முதியவர் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கையில், கப்பலிலிருந்து விழுந்து மிதந்த கன்டெய்னர் ஒன்று மோதிப் படகில் ஓட்டை விழுகிறது. அதற்குப் பிறகு எட்டு நாட்கள் அவர் படும் பாடுதான் கதை. வசனம் ஏறக்குறைய இல்லாத படம் என்பதால், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் மலையாளம் மட்டும் தெரிந்தவர்களுக்கும் ஒரே அளவில் புரியும் என்று கருதித்தான் தேர்ந்தெடுத்தோம்.

படம் முடிந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. புயல் காட்சிகள் நம்பும்படி இருந்தன, ஆனால் இரண்டு பெரிய கப்பல்கள் அத்தனை அருகில் போயும் அவரைக் கவனிக்காமல் கடந்து செல்வது வெறும் சினிமாத்தனம் என்பது கல்லூரி மாணவர்களின் கருத்து. பின்வரிசையில் இருந்த, ஆழ்கடல் படகுகளை ஓட்டும் ஸ்ராங்குகள் இருவர் இதற்கு நேர்மாறாகப் பேசினார்கள். கப்பல் கவனிக்காமல் போவதுதான் படத்திலேயே உண்மையான இடம் என்றும், தங்களுக்குச் சிரிப்பு வந்தது வேறு இடங்களில் என்றும் சொன்னார்கள். எந்த இடங்கள் என்று கேட்பதற்குள் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

கடலோடு பழகியவர்களும், இத்தகைய படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். இந்தப் படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது? தனி ஒருவரின் கடற்பயணத்தை இதைவிட நேர்மையாகக் காட்டிய படங்கள் உண்டா? அடுத்த திரையிடலுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது.

பதில்: பழைய மாலுமி, பாறசாலை

சரக்குக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் ஸ்ராங்குகளின் பக்கமே நான் நிற்கிறேன்.

முதலில் கன்டெய்னர். 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியதையும், அவற்றில் பல கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் ஒதுங்கியதையும், உள்ளே இருந்த பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரை வரை வந்து சேர்ந்ததையும் பார்த்த நமக்கு, கடலில் பெட்டி மிதக்குமா என்ற ஐயம் எழ வாய்ப்பில்லை. நீரை உள்வாங்கிய பெட்டி மூழ்குவதற்கு முன் சில காலம் நீர்மட்டத்தோடு ஒட்டியே கிடக்கும். ராடாரில் அதன் எதிரொலி அலைகளின் எதிரொலிக்குள் கலந்து போய்விடும், இரவில் கண்ணுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்று, படகுக்காரர் உறங்கும் நேரத்தில் வந்து இடிப்பது முற்றிலும் நடக்கக்கூடியது.

அடுத்து கப்பல்கள். மாணவர்கள் திரையில் பார்த்தது, படகை விட்டு ரப்பர் மிதவைக்கு மாறிய மனிதனின் கண்ணுக்குத் தெரியும் கப்பலை. மலைபோல் வரும் அது தன்னைப் பார்க்காமல் எப்படிப் போகும் என்றுதான் அவனுக்கும் தோன்றும். கப்பலை ஓட்டும் உயர்ந்த அறையான பிரிட்ஜில் நிற்பவனுக்கு அதே கடல் வேறாகத் தெரிகிறது. அடுக்கிய பெட்டிகளுக்கு அப்பால் கப்பலின் முன்புறம் 500 மீட்டர் வரை கடற்பரப்பு மறைந்திருப்பதற்குச் சர்வதேச விதியே இடம் தருகிறது. ரப்பர் மிதவை ராடாரில் பெரும்பாலும் பதிவதில்லை. பகலில் வானம் தெளிவாக இருந்தால் பிரிட்ஜில் ஒரே ஒரு அதிகாரிதான் இருப்பார், அவருக்கும் எழுத்து வேலை இருக்கும். கையில் பிடித்து எரிக்கும் அபாய விளக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் எரியும். 300 மீட்டர் உயரம் சென்று பாராசூட்டில் இறங்கும் ராக்கெட் ஏறத்தாழ 40 வினாடிகள் எரியும். அந்த 40 வினாடியில் அவர் வரைபட மேசையின் பக்கம் திரும்பியிருந்தால் கதை முடிந்தது. கவனக்குறைவை நான் நியாயப்படுத்தவில்லை. எத்தனை எளிதாக அது நேரும் என்பதையே சொல்கிறேன்.

நம்ப முடியாத இடம் வேறு. நிலம் காணாத தொலைவுக்குத் தனியாகச் செல்லும் ஒருவர், செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் அவசரக் கருவி இல்லாமல் போவது 2013இல் ஏற்கத்தக்கதல்ல. நம் மீனவர்கள் இன்று எடுத்துச் செல்லும் ஆபத்து அறிவிப்புக் கருவியின் உறவினர் அது. பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் படகு இருக்குமிடம் மீட்பு மையத்துக்குத் தெரிந்துவிடும். அந்தக் கருவி இருந்திருந்தால் படம் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பதால்தான் இயக்குநர் அதை வைக்கவில்லை என்பது என் கணிப்பு. வானொலியும் மடிக்கணினியும் தொடக்கத்திலேயே உப்புநீரில் நனைந்து பழுதாகிவிடுகின்றன. இவ்வகைப் படங்கள் பலவற்றில் தகவல்தொடர்பு முதல் சில காட்சிகளிலேயே ஒழிக்கப்படுவதைக் கவனியுங்கள்.

புயல் வருவது தெரிந்தும் அவர் சவரம் செய்துகொள்வதைப் பல படகோட்டிகள் கேலி செய்திருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. இன்னும் பல நாள் கிடைக்காத ஒழுங்கை ஒருமுறை அனுபவித்துக்கொள்வது மனித இயல்பு. குறை அதற்குப் பிறகு வருகிறது. புயலுக்கான சிறிய பாயைக் காற்று ஏறுவதற்கு முன்பே கட்டியிருக்கவேண்டியவர், புயல் தலைக்கு மேல் வந்தபின் படகின் முன்முனையான அணியத்துக்குப் போய் அதை ஏற்ற முயன்று கடலில் விழுகிறார். இந்தியப் பெருங்கடலின் நடுவரை தனியாக வந்துசேர்ந்த ஒருவர் அதைச் செய்திருக்கமாட்டார்.

பதில்: வள்ளவிளைக்காரன்

உங்கள் திரையிடலுக்கு வந்த இருவரில் நான் ஒருவன் அல்லன். ஆயினும் அவர்கள் எங்கே சிரித்திருப்பார்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

எங்கள் கரையில் ஃபைபர் வள்ளம் ஒட்டும் வேலையைச் சிறுவர்களும் அறிவார்கள். உடைந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்து, பெயின்ட் போய் உள்ளே இருக்கும் நார் வெளுப்பாகத் தெரியும்வரை விடமாட்டார்கள். உப்பைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஓட்டையைவிடப் பெரிதாகக் கண்ணாடி நார் விரிப்பை (மேட்) வெட்டி, ரெசின் பசையில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைச் சிறிது சிறிதாகக் கலந்துதான் பூசுவார்கள். நடுப்பகலில் அதிகம் கலந்துவிட்டால் டப்பாவிலேயே கொதித்துக் கல்லாகிவிடும். ஒவ்வொரு அடுக்கிலும் காற்றுக்குமிழியைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி வெளியேற்றவேண்டும். ஈரமோ உப்போ மிச்சம் இருந்தால் மறுநாள் ஒட்டு முழுதாக உரிந்து கையில் வந்துவிடும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், படத்தில் அவர் பாயை மாற்றிப் படகை மறுபக்கம் சாயவைத்து, ஓட்டையை நீருக்கு மேலே கொண்டுவந்த பிறகு வேலையைத் தொடங்குவது உண்மையான கடலறிவு. அதை எழுதியவருக்குக் கடல் தெரியும் என்று அந்த இடத்தில் நினைத்தேன். ஈரத்திலும் பிடிக்கும் எப்பாக்ஸிப் பசை வகைகள் இருப்பதால் ஒட்டியதையும் குறை சொல்லமாட்டேன்.

எனக்குப் பொருந்தாதது அவர் நிற்கும் விதம். அந்தப் படத்தின் பெரும்பகுதி மெக்சிகோவில் ‘டைட்டானிக்’ படத்துக்காகக் கட்டப்பட்ட தொட்டியில் எடுக்கப்பட்டது. தொட்டியில் அலை வரும்போது படகு ஆடும். அலை நிறுத்தப்பட்டால் படகும் நின்றுவிடும். கடலில் காற்றே இல்லாத நாளிலும் எங்கோ அடித்த காற்று எழுப்பிய அலை அடியிலிருந்து தூக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கடலில் வாரக்கணக்கில் இருப்பவன் முழங்காலை நிமிர்த்தி நிற்பதே இல்லை, ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்கும். சோற்றுப் பானையைக்கூட அடுப்போடு கயிறு போட்டுக் கட்டித்தான் வேகவைக்கிறோம். கரையில் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு அங்கே ஒரு மணி நேரம் ஆகும். ரெட்ஃபோர்ட் எழுபத்தைந்து வயதைத் தாண்டி அந்த வேலைகளைச் செய்தார் என்பதை மதிக்கிறேன். ஆனால் பல காட்சிகளில் அவர் இரு கைகளையும் விட்டுவிட்டு நிற்கிறார்.

இரைச்சலும் அப்படித்தான். படத்தில் படகின் உள்ளறை அமைதியாக இருக்கிறது. மெய்யான படகின் உள்ளே இருப்பவனுக்குப் பலகை முனகுவதும், கயிறு பாய்மரத்தில் அடிப்பதும், பாத்திரம் உருளுவதும் ஓயாமல் கேட்கும், புதிதாக ஒரு சத்தம் வந்தால் மட்டும் விழிப்பு வரும். உடம்பு பற்றியும் படங்கள் பேசுவதில்லை. உதடு வெடிப்பதை ஒப்பனையில் காட்டிவிடுகிறார்கள். நனைந்த துணி உரசும் இடங்களில் வரும் உப்புப் புண்ணைக் காட்டியவர்கள் குறைவு. முதல் இரண்டு நாளில் பழகியவனுக்கும் வரும் வாந்தியை நான் எந்தப் படத்திலும் பார்த்த நினைவில்லை.

பாறசாலை ஐயா சொன்ன அவசரக் கருவி பற்றி ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த எங்கள் படகுகளில் வயர்லெஸ் மட்டுமே இருந்தது. அது நேர்க்கோட்டில் சிறிது தொலைவுக்கே எட்டும் என்பதால், கரையிலிருந்து எச்சரிக்கவும் வழியில்லை, அங்கிருந்து அழைக்கவும் வழியில்லை. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்து மீண்டவர்கள், கண்ணெதிரே கப்பல் கடந்துபோனதை எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கருவி இல்லாத மனிதன் என்பது எங்களுக்குக் கற்பனை அல்ல. வசதி உள்ள ஒரு வெளிநாட்டவரின் படகில் அது இல்லாததுதான் கற்பனை என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: புவியியல் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

கடலிலிருந்து வெகு தொலைவில் பாலக்காட்டுக் கணவாயில் வசிக்கும் எனக்கு இதில் பேச உரிமை குறைவுதான். வகுப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை பாடத்துக்கு இப்படங்களின் காட்சிகளைப் பயன்படுத்துவதால், திசையறியும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘ஆல் இஸ் லாஸ்ட்’ படத்தில் அவர் மிதவைக்கு மாறியபின், அதுவரை பயன்படுத்தாத, சூரியனின் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கப்பல்வழியை நோக்கித் தான் நகர்வதை வரைபடத்தில் குறித்துவருகிறார். இதில் பாதி எளிது, மறுபாதி கடினம். நண்பகலில் சூரியன் தன் உச்சத்தைத் தொடும் கோணத்தை அளந்து, அன்றைய தேதிக்குரிய அட்டவணையைப் பார்த்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகைக்கு நேரம் துல்லியமாகத் தெரியவேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், கடிகாரம் 4 வினாடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் பிசகிவிடும். அதைவிடப் பெரிய இடர், நீர்மட்டத்திலேயே கிடக்கும் மிதவையிலிருந்து தொடுவானம் சரியாகத் தெரியாததுதான். அலையின் உச்சிக்கு ஏறும் ஓரிரு வினாடியில் கோணத்தைப் பிடிக்கவேண்டும். திரையில் இது ஒரு சிறிய காட்சியாகக் கடந்துபோகிறது.

இந்தப் பகுதியை நன்கு கையாண்ட படம், பால்ட்டசார் கோர்மாகூர் இயக்கிய ‘அட்ரிஃப்ட்’ (2018). அது நடந்த கதை. 1983 அக்டோபரில் டஹிட்டியிலிருந்து சான் டியாகோவுக்கு 44 அடிப் படகு ஒன்றைக் கொண்டுசென்றுகொண்டிருந்த டாமி ஓல்டாமும் அவருடைய வருங்காலக் கணவர் ரிச்சர்ட் ஷார்ப்பும் ரேமண்ட் என்ற சூறாவளியில் சிக்கினார்கள். பாய்மரங்கள் முறிந்தன. டாமி தலையில் அடிபட்டு ஒரு நாளுக்கு மேல் நினைவிழந்து கிடந்தார். பிறகு உடைந்த கம்பங்களைக் கொண்டு சிறு பாய் ஒன்றை அமைத்து, செக்ஸ்டன்ட்டும் கைக்கடிகாரமும் துணையாக, 41 நாட்களில் ஹவாய்த் தீவின் ஹிலோ துறைமுகத்தை அடைந்தார். அவர் கையாண்ட முறை பழங்கால மாலுமிகளுடையது: சேரவேண்டிய தீவின் அட்சரேகைக்கு முதலில் ஏறிவிட்டு, அதை விடாமல் பிடித்துக்கொண்டு மேற்கே செல்வது. தீர்க்கரேகையில் பிழை இருந்தாலும் இந்த வழியில் தீவு தப்பாது. மாணவர்களுக்கு இதை விளக்கியபோது, சூத்திரம் எதுவும் இல்லாமலேயே பாடம் புரிந்துவிட்டது.

படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ரிச்சர்ட் புயலிலேயே கடலில் மறைந்துவிட்டார் என்பதே உண்மை. படமோ, காயமுற்ற அவரை டாமி மீட்டுப் படகில் வைத்துப் பராமரிப்பதாகக் காட்டி, அது அவருடைய மனம் உருவாக்கிய உருவம் என்பதை இறுதியில்தான் சொல்கிறது. இது ஏமாற்று என்று கோபப்பட்டவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. 1895 முதல் 1898 வரை முதன்முதலாகத் தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கம், அசோர்ஸ் தீவுகளைத் தாண்டி வயிற்றுவலியால் சுருண்டு கிடந்த இரவில், கொலம்பஸின் பின்டா கப்பலின் மாலுமி ஒருவன் தன் படகின் சுக்கானைப் பிடித்து நின்றதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். தனிமையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் இன்னொருவர் தோன்றுவது கடற்பயண நூல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. படம் செய்தது, அந்தத் தோற்றத்தை அவருக்குத் தெரிந்தபடியே நமக்கும் காட்டியது.

மிதவை வாழ்க்கையைப் பொறுத்தவரை, ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தைப் புலி இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். அதுவும் தைவானில் தொட்டியில் எடுக்கப்பட்டதுதான். ஆனால் 1982இல் அட்லாண்டிக்கில் 76 நாட்கள் மிதவையில் உயிர்பிழைத்த ஸ்டீவன் காலஹன் அதற்கு ஆலோசகராக இருந்தார். வெயிலில் கடல்நீரை ஆவியாக்கிக் குடிநீர் பெறும் சிறு சாதனங்களிலிருந்து அவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர்தான். மீன் பிடிப்பது, கருவிகளைச் செய்வது, நீரைச் சேமிப்பது ஆகியவற்றில் அந்தப் படத்துக்கு உள்ள நுணுக்கம், ‘உண்மைக் கதை’ என்று போட்டுக்கொள்ளும் பல படங்களில் இல்லை.

கேள்வி கேட்டவர்: நூலகத் திரையிடல், களியக்காவிளை

மூவருக்கும் நன்றி. வள்ளவிளை அண்ணன் சொன்ன பிறகு படத்தின் சில பகுதிகளை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். நிற்கும் விதத்தைப் பற்றி அவர் சொன்னது கண்ணில் பட்டுவிட்டது, இனி அதைக் கவனிக்காமல் பார்க்க முடியாது போலிருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. ஒருவர் மட்டுமே இருக்கும் படகில், அவர் தூங்கும்போது படகை யார் ஓட்டுகிறார்கள்? மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், என்னிடம் பதில் இல்லை.

பதில்: பழைய மாலுமி, பாறசாலை

யாரும் ஓட்டுவதில்லை, காற்றுதான் ஓட்டுகிறது. படகின் பின்முனையான அமரத்தில் ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். காற்றுக்கும் படகுக்கும் இடையிலான கோணம் மாறினால் தகடு சாய்ந்து, கயிறுகள் வழியாகச் சுக்கானை இழுத்துப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரும். மின்சாரம் தேவையில்லை. காற்று திசை மாறினால் படகும் உடன் மாறிவிடும் என்பது மட்டுமே அதன் குறை. மின்சாரத்தில் இயங்கும் தானியங்கிச் சுக்கானும் உண்டு.

உண்மையான சிக்கல் பார்வைக் காவல். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் 20 நிமிடத்தில் ஏறத்தாழ 7 கடல் மைல் கடந்துவிடும். தாழ்ந்த படகிலிருந்து பார்ப்பவனுக்கு, அலையும் மூட்டமும் உள்ள நாளில், கப்பல் அதற்குள்தான் முதலில் கண்ணில் படும். அதனால் கப்பல்வழிகளின் அருகே தனிப்படகோட்டிகள் 20 நிமிடம், அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் தூங்குகிறார்கள். அருகில் கப்பல் வந்தால் ஒலி எழுப்பும் கருவிகள் இப்போது உண்டு என்றாலும் அவற்றை மட்டும் நம்பிக் கண்மூட முடியாது. பதினாறு வயதில் ஆஸ்திரேலியாவிலிருந்து தனியாக உலகைச் சுற்றப் புறப்படவிருந்த ஜெசிகா வாட்சன், 2009 செப்டம்பரில் ஒத்திகைப் பயணத்தின்போது சிறு தூக்கம் போட்ட வேளையில்தான் பெரிய சரக்குக் கப்பல் ஒன்றில் மோதினார். பாய்மரம் ஒடிந்தது, படகு மிதந்தது. சில வாரங்களில் மீண்டும் புறப்பட்டு, 210 நாட்களுக்குப் பின் 2010 மே 15 அன்று சிட்னிக்குத் திரும்பினார். ‘ட்ரூ ஸ்பிரிட்’ (2023) என்ற படம் அந்த மோதலைக் காட்டுகிறது. ஆனால் அதற்குப் பின் வந்த மாதங்களின் துண்டுத் தூக்கத்தை அது காட்டவில்லை. தொலைபேசியில் தாயோடு பேசும் காட்சிகளுக்கே இடம் கொடுத்துவிட்டது. இளைஞர்களுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

தூக்கத்தைக் காட்ட முடியாததற்குக் காரணம் எளிது. மாதக்கணக்கில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, சுற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மீண்டும் படுப்பதை இரண்டு மணி நேரப் படத்தில் எப்படிக் காட்டுவது? அந்த அலுப்பில் ஏற்படும் சிறிய தவறுகள்தான் பெரும்பாலான விபத்துகளின் வேர். படங்கள் வேரை விட்டுவிட்டு விபத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. இருவர் போனால் நிலைமையே வேறு. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டு 2025 மே 29 அன்று திரும்பிய நம் கடற்படை அதிகாரிகள், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்க முடிந்தது.

தனி ஒருவரின் மெய்யான ஆபத்து எப்படி இருக்கும் என்பதற்கு அபிலாஷ் டோமியின் நிகழ்வைப் பாருங்கள். கேரளத்தைச் சேர்ந்த, அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த இவர், 2013 மார்ச் 31 அன்று எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியர். 2018இல், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் போட்டியில், பழைய காலத்துக் கருவிகளைக் கொண்டே வழியறிந்து செல்லவேண்டும் என்ற விதிப்படி துரியா என்ற படகில் சென்றபோது, செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு புரண்டு பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகெலும்பில் அடி. எழுந்து நிற்க இயலாமல் படுக்கையில் கிடந்தபடியே குறுஞ்செய்தி அனுப்பினார். ஆஸ்திரேலியாவின் மீட்பு மையம் ஒருங்கிணைத்தது, நம் கடற்படை விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டது, பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பலான ஓசிரிஸ் 24ஆம் தேதி அவரை மீட்டது. இதைப் படமாக எடுப்பவருக்கு, நாயகன் மூன்று நாட்கள் அசையாமல் கிடப்பான்; நடப்பதெல்லாம் மூன்று நாடுகளின் அலுவலகங்களிலும் விமானத்திலும் கப்பலிலும் நடக்கும். திரைக்கதை எழுதுபவர்கள் வானொலியை முதல் காட்சியிலேயே நனைத்துவிடுவது ஏன் என்று இப்போது விளங்கும். டோமி மீண்டும் அதே போட்டிக்குச் சென்று 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புயல் பற்றியும் ஒன்று. திரையில் புயல் என்றால் இரவு, மின்னல், கொட்டும் மழை. தெற்குப் பெருங்கடலில் பளிச்சென்ற வெயிலில், நீல வானத்துக்குக் கீழே, படகைக் கவிழ்க்கும் காற்று வீசுவது சாதாரணம். அலையின் உயரத்தைவிட அது உடைகிறதா என்பதே முக்கியம். உடையாத பெரிய அலை படகைத் தூக்கி இறக்கிவிடும். படகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமே உள்ள அலை பக்கவாட்டில் உடைந்து விழுந்தால் கவிழ்த்துவிடக்கூடும்.

திரையிடலுக்கு என் பரிந்துரை ‘ஸ்டிக்ஸ்’ (2018). வோல்ஃப்காங் ஃபிஷர் இயக்கியது. ஜிப்ரால்டரிலிருந்து அசென்ஷன் தீவுக்குத் தனியாகச் செல்லும் மருத்துவர் ஒருவர், மூழ்கும் நிலையில் இருக்கும் அகதிகள் படகை எதிர்கொள்கிறார். திறந்த கடலிலேயே எடுத்தார்கள். நடித்த சுசான் வோல்ஃபுக்குப் படகோட்டவும் தெரியும். கயிற்றை அவர் இழுவை உருளையில் (வின்ச்) சுற்றும் விதத்திலேயே அது தெரிந்துவிடும். அதில் வானொலி வேலை செய்கிறது, உதவி வராததுதான் சிக்கல்.

பதில்: புவியியல் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

‘ஸ்டிக்ஸ்’ நல்ல தேர்வு. ஆனால் தனிமையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஜேம்ஸ் மார்ஷ் இயக்கி காலின் ஃபெர்த் நடித்த ‘த மெர்சி’ (2018) அதைவிட ஆழமானது என்பது என் கருத்து. 1968இல் நடந்த முதல் கோல்டன் குளோப் போட்டியில் கலந்துகொண்ட டொனால்ட் க்ரோஹர்ஸ்ட்டின் கதை அது. வேலை முடியாத படகோடு அக்டோபர் 31 அன்று கிளம்பியவர், அதைக் கொண்டு தெற்குப் பெருங்கடலுக்குள் போனால் உயிர் தப்பாது என்பதை உணர்ந்து, அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவருவதாகப் பொய்யான செய்திகளை அனுப்பினார். 1969 ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்டது. அதே போட்டியில், மும்பையில் தேக்கு மரத்தால் கட்டிய சுஹைலி படகில் 312 நாட்களில் உலகைச் சுற்றி வென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், தமக்குக் கிடைத்த 5,000 பவுண்ட் பரிசை க்ரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் படத்தில் பெரும்புயல் மையமாக இல்லை. ஒழுகும் மூடி, தண்ணீர் இறைப்பது, கணக்குப் போடுவது, திரும்பிப் போகவும் முடியாமல் முன்னே போகவும் முடியாமல் நாட்களைக் கடத்துவது, இவைதான். பாறசாலை ஐயா வேர் என்று சொன்னதை இந்தப் படம் ஓரளவு தொடுகிறது.

பதில்: வள்ளவிளைக்காரன்

டீச்சர் சொன்ன படத்தை நான் பார்த்திருக்கிறேன். மனத்தைக் காட்டியது சரி. ஆனால் க்ரோஹர்ஸ்ட்டுக்குப் பி.பி.சி. நிறுவனம் படப்பிடிப்புக் கருவியும் ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்தனுப்பியிருந்தது என்பதையும், அவர் அவற்றில் உற்சாகமாகப் பேசிப் பதிவு செய்திருக்கிறார் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். நடிகர் இல்லாமல், கடலில் இருப்பவரே எடுத்த படம் என்பதாலேயே அது முழு உண்மை ஆகிவிடாது. மோசமான நேரத்தில் இரண்டு கைகளும் கயிற்றில் இருக்கும். கேமராவை எடுப்பது நிலைமை அடங்கிய பிறகுதான். எங்கள் பையன்கள் இப்போது கைபேசியில் எடுத்துப் போடும் கடல் காணொளிகளும் அப்படித்தான் இருக்கின்றன.

பதினாறு வயதில் தனியாக உலகைச் சுற்றி முடித்த லாரா டெக்கர் தானே எடுத்த காட்சிகளைக் கொண்ட ‘மெய்டன்ட்ரிப்’ (2013) ஆவணப்படத்தில், சலிப்பும் எரிச்சலும் ஓரளவு மறைக்கப்படாமல் வருகின்றன. தொடக்கத்தில் ஊரை நினைத்து ஏங்கும் பெண், போகப்போக மனிதர்களைச் சந்திப்பதையே விரும்பாதவளாக மாறுவது எந்த நடிகராலும் கொண்டுவர முடியாதது. திரையிடலுக்கு இதையும் கருதிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: நூலகத் திரையிடல், களியக்காவிளை

அடுத்த மாதம் ‘ஸ்டிக்ஸ்’, அதற்கடுத்த மாதம் ‘மெய்டன்ட்ரிப்’ என்று முடிவு செய்திருக்கிறோம். ‘ஸ்டிக்ஸ்’ படத்தில் பேச்சு குறைவு என்றாலும் ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்து வருவதால், வானொலி உரையாடல் வரும் இடங்களுக்கு மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் சுருக்கம் அச்சிட்டுக் கொடுக்க எண்ணுகிறோம். கடல் வானொலியில் பேசும் முறையைத் தமிழில் எப்படி எழுதினால் ஸ்ராங்குகளுக்குச் செயற்கையாகத் தோன்றாது என்பதை வள்ளவிளை அண்ணன் பார்த்துத் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும். இம்முறை கடைசிப் பேருந்தைக் கணக்கில் வைத்து, படத்தை மாலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறோம்.